ரஷ்யாக்காரரின் ராசி விசாரணை

எலிசெயோ பந்த்யூக் யாரையும் நம்பியதில்லை. கறிக்கடைத் தராசை நம்பமாட்டார். வானிலை அறிக்கையை நம்பமாட்டார். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால், இவர் எங்கே ஓடப்பார்க்கிறார் என்று வாசலில் நின்று கவனிப்பார். அவருடைய தாத்தா உக்ரைனிலிருந்து கப்பலேறி வந்தவர். தென்னமெரிக்கத் துறைமுக ஊரான பெரிஸ்ஸோவில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த அத்தனை பேருக்கும் ஊர் வைத்த பெயர் ரஷ்யாக்காரன்தான். இளவயதில் எலிசெயோ அதைத் திருத்திப் பார்த்தார், பிறகு ஓய்ந்துவிட்டார். ஆனாலும் தன்னை அப்படிக் கூப்பிடுகிறவன் மனதில் ஏதோ வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறான் என்ற எண்ணம் மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

வேலை பார்த்த இறைச்சி ஆலையை மூடியபிறகு அவரும் மனைவி நில்டாவும் ராவியோலிக் கடை போட்டார்கள். மாவுக்குள் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரில் பாதி அந்தக் கடை வரிசையில்தான் நிற்கும். வாடிக்கையாளர் பாராட்டினால்கூட எலிசெயோவுக்குப் பிடிக்காது. "ரொம்ப நல்லாருக்குன்னு சொல்றான். கடனுக்கு அடி போடறான்," என்பார் நில்டாவிடம். நில்டா முப்பத்தைந்து வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டு மாவு பிசைகிறவள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்.

இவ்வளவு சந்தேகப்படுகிற மனிதருக்கு ஊரில் ஒரு மரியாதையும் இருந்தது. ஊரின் கால்பந்து அணியான சலாதேரோ கிளப் தோற்றால், யாருடைய ராசி கெட்டதால் தோற்றது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர் அவர்தான்.

ராசி கெட்டவனுக்கு அங்கே முஃபா என்று பெயர். அவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது, சொன்னாலே ஒட்டிக்கொள்ளும். அவன் எதிரே வந்தால் ஆண்கள் இடது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டு, நாலு பேர் முன்னால் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுக்கொள்வார்கள். பெண்கள் இடது மார்பைத் தொட்டுக்கொள்வார்கள். ஜெயித்த அன்று போட்டிருந்த சட்டையைப் போட்டித்தொடர் முடியும்வரை துவைக்கக்கூடாது, உட்கார்ந்த நாற்காலியை மாற்றக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், கடைசி விசில் ஊதுவதற்கு முன் ஜெயித்துவிட்டோம் என்று வாயைத் திறப்பது.

அந்தக் குற்றத்தைச் செய்தவர் ஆகோப். ஆர்மீனியக் குடும்பம். இறைச்சி ஆலையில் எலிசெயோவுக்குப் பக்கத்து மேசையில் கத்தி பிடித்தவர், எலிசெயோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். பல வருஷங்களுக்கு முன், லீக் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் சலாதேரோ முன்னணியில் இருந்தபோது, விசிலுக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருக்கையில், கிளப் மண்டபத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே போனார். "கப்பு நம்மளதுதான்டா," என்றார். அடுத்தடுத்து இரண்டு கோல் விழுந்தது. கோப்பை போயிற்று.

அன்று சாயங்காலமே எலிசெயோ விசாரணை வைத்தார். அதற்கு முன் தோற்ற இரண்டு ஆட்டங்களிலும் ஆகோப் அதே மண்டபத்தில் இருந்ததை எடுத்துச் சொன்னார். ஜெயித்த ஆட்டங்களிலும்தான் ஆகோப் இருந்தார், ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. "உன்மேல எனக்கு எதுவும் இல்லடா. கிளப்புக்காகச் சொல்றேன்," என்றார். ஆகோப் வாதாடவில்லை. ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து சலாதேரோ ஆடும் நேரமெல்லாம் கப்பல் கால்வாய்க்கரை பெஞ்சில், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எலிசெயோவோடு பேச்சு நின்றுபோனது.

அப்படிப்பட்ட சலாதேரோ அந்த வருஷம் தென்னமெரிக்க சாம்பியன் ஆகிவிட்டது. ஊரே தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டது. டிசம்பரில் ஜப்பானில் எல்லாக் கண்டங்களின் சாம்பியன் கிளப்புகளும் மோதும், அதில் நாமும் ஆடப்போகிறோம் என்பதைச் சொல்லவே பயந்தார்கள். சொன்னால் ராசி போய்விடும்.

எலிசெயோவுக்கு மட்டும் ஒரு உறுத்தல். இந்த சாம்பியன் ஆட்டங்களில் ஒன்றைத் தவிர எதையும் அவர் பார்க்கவில்லை. முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்தார், அன்று இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏதாவது ஒன்று வந்தது. ஒருநாள் கடை ஃப்ரிட்ஜின் ஒயர் பிடுங்கிக் கிடந்தது. ஒருநாள் மண்டபத்துக்குத் தவறாமல் வரும் முடிதிருத்துநர் லிசாந்த்ரோ, "அவசரமா அஞ்சு கிலோ பாலாடைக்கட்டி வேணும், பக்கத்து ஊர்லதான் கிடைக்கும், நீ வாங்கினாத்தான் நல்லா பாத்து வாங்குவே," என்று அனுப்பிவைத்தார். இவர் போனார். அணி ஜெயித்தது. பாலாடைக்கட்டியை யாரும் தொடவே இல்லை. மண்டபத்து டி.வி.க்கு நேர் எதிரே இருக்கும் தன்னுடைய நாற்காலிமேல் லிசாந்த்ரோவுக்குக் கண் இருக்கிறது என்று எலிசெயோ முடிவுகட்டினார்.

அதே மாதங்களில் நில்டாவிடமும் ஒரு மாற்றத்தைப் பார்த்தார். ஆட்டம் இருக்கும் நாட்களில், இவர் சமையலறைக்குள் நுழைந்ததும் அவள் கை இடதுபக்கம் நெஞ்சுக்குப் போகும். லேசாகத் தொட்டுவிட்டுக் கீழே வரும். இதய நோயை மறைக்கிறாள் என்று நினைத்தார். ஒரு வாரம் அவள் தூங்கும்போது மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். பிறகு வலுக்கட்டாயமாகப் பக்கத்து நகரமான லா பிளாத்தாவுக்கு இதய மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். வரும் வழியில் பேருந்தில் எலிசெயோ மருத்துவரின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில், "அந்த டாக்டர் என் கண்ணைப் பாத்துப் பேசல. நீங்க ரெண்டு பேரும் சேந்து எதையோ மறைக்கிறீங்க," என்றார். நில்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்மேல் இருந்த பிரியத்தில் அவளுக்கு அழுகை வந்தது, அதை அவர் நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

ஜப்பானில் சாயங்காலம் என்றால் பெரிஸ்ஸோவில் காலை. அரையிறுதி புதன்கிழமை காலையில், ஆப்பிரிக்க சாம்பியனோடு. எலிசெயோ தன் பச்சைக் கம்பளிச் சட்டையை மாட்டினார். அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் முதல் வெற்றி வந்த அன்று போட்டிருந்த சட்டை அது. டிசம்பர் வெயிலிலும் அதையேதான் போடவேண்டும், அதுவும் துவைக்காமல். மண்டபத்துக்குக் கிளம்பும்போது லிசாந்த்ரோ போன் செய்தார்.

"ரஷ்யாக்காரா, உன் கடை ஷட்டர் பாதி தூக்கிக் கிடக்குடா. எவனோ கைவச்சிருக்கான்."

ஓடினார். ஷட்டர் உண்மையிலேயே பாதி தூக்கியிருந்தது. உள்ளே ஒரு முட்டைகூடக் குறையவில்லை. ஷட்டரைத் திறக்கிறான், ஆனால் எதையும் எடுக்கவில்லை, இது என்ன திருடன் என்று மாவு மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தார். தெருவில் கார் ஹாரன்கள் கத்தியபோதுதான் ஆட்டம் முடிந்தது தெரிந்தது. சலாதேரோ ஒரு கோலில் ஜெயித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், ஐரோப்பிய சாம்பியனோடு.

இப்போது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரில் புதிதாக ஒரு முஃபா முளைத்திருக்கிறான். அவனைக் காப்பாற்றத்தான், கண்டுபிடிக்கிற ஆளான தன்னை ஒவ்வொரு தடவையும் விலக்கிவைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனைப் பிடித்தாகவேண்டும். இந்த வயதில் இன்னொரு இறுதி ஆட்டம் வரப்போவதில்லை. அந்த ஒன்றையாவது தன் நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் சாகவேண்டும் என்று அவருக்கு ஆசை.

யார் வரும்போது எல்லோர் கையும் பாக்கெட்டுக்குள் போகிறது என்று பார்த்தால் போதுமே. வெள்ளிக்கிழமை லிசாந்த்ரோவின் சலூனுக்குப் போனார். கதவைத் தள்ளி உள்ளே கால்வைத்த கணத்தில், காத்திருந்த மூன்று பேருடைய இடது கையும் பாக்கெட்டுக்குள் போனது. லிசாந்த்ரோ கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். எலிசெயோ சட்டென்று பின்னால் திரும்பினார். தெருவில் போஸ்ட்மேன் தார்தோ, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"பிடிச்சுட்டேன்," என்றார் மெதுவாக.

"யாரை?" லிசாந்த்ரோ கையை வெளியே எடுக்காமலே கேட்டார்.

"போஸ்ட்மேன். நீங்க எல்லாரும் கை விட்டதைப் பாத்தேன். எங்கிட்ட மறைக்கலாம்னு பாத்தீங்களா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லிசாந்த்ரோ பெருமூச்சு விட்டார். "உங்கிட்ட மறைக்க முடியுமா ரஷ்யாக்காரா. அவனேதான். பாவம், சின்னப்பையன், குடும்பஸ்தன்னு பாத்தோம்."

எலிசெயோ அன்று தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கொல்லைப்புறம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கொடியில் பச்சைக் கம்பளிச் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது.

"துவைச்சியா?"

"நாத்தம் குடலைப் புடுங்குது கிழவா. ஆறு மாசம். மாவு பிசையற வீடு இது."

"கிளப்பைப் பத்தி உனக்குத் தெரியாதா? என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சட்டை இல்லாம நீ மண்டபத்துக்குப் போகமாட்டே, அதுவும் தெரியும். நாளைக்கு வீட்லயே இரேன். நானும் நீயும் ரேடியோ கேப்போம். இல்லன்னா அதுவும் வேண்டாம், நிம்மதியா மாவு திரட்டுவோம்."

"உன்னை யாரு இப்படிப் பேசச் சொன்னது? லிசாந்த்ரோவா?"

நில்டா கொடியில் தொங்கிய சட்டையை நேராக இழுத்துவிட்டாள். அவளும் கூட்டுச்சதியில் இருக்கிறாள் என்று அன்றுதான் அவருக்கு உறுதியானது. முப்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் நில்டாவைப் பற்றி அவர் சரியாகச் சந்தேகப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை இன்னும் காயவில்லை. கம்பளி ஆயிற்றே. நில்டா செருப்பையும் ஒளித்துவைத்திருந்தாள். எலிசெயோ தேடி எடுத்து, ஈரச் சட்டையைத் தலைவழியாக இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அவர் மண்டபத்தை நெருங்கும்போது உள்ளிருந்து ஒரே கூச்சல். கோல். சலாதேரோதான் போட்டிருந்தது. ஐரோப்பாக்காரனுக்கு எதிராக, நம் ஊர் இறைச்சி ஆலைக்காரர்கள் தொடங்கிய கிளப். எலிசெயோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கதவைத் திறந்தார்.

கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுப் பார்த்தார், அவருடைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை என்பதே அவருக்கு விசித்திரமாகப் பட்டது. யாரோ மாத்தே டீக் குடுவையை நீட்டினார்கள். அவர் குழலில் வாய்வைத்து இரண்டு மிடறு உறிஞ்சுவதற்குள் ஐரோப்பாக்காரன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மண்டபம் முழுக்க ஒரு முனகல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன் அடித்த அடுத்த பந்து திரும்பவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. இடைவேளை விசில் ஊதியதும் எலிசெயோ எழுந்தார். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூலையில் உட்கார்ந்திருந்த போஸ்ட்மேனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"போஸ்ட்மேன், எந்திரி. வெளிய போ."

"நானா? எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்கே தெரியும். உன்மேல எனக்கு எதுவும் இல்லடா தம்பி. கிளப்புக்காகச் சொல்றேன். நீ வந்தா இங்க எல்லார் கையும் பாக்கெட்டுக்குள்ள போகுது. என் கண்ணால பாத்தேன்."

தார்தோவின் முகம் சிவந்தது. லிசாந்த்ரோவைப் பார்த்தான். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சும்மா இருடா," என்றார் லிசாந்த்ரோ.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? ஷட்டரைத் தூக்கிவிடச் சொன்னது யாரு, தூக்கினது யாரு? இவரைக் காப்பாத்தப் போயி இப்ப பழி என் தலையிலயா?"

எலிசெயோ ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கண்கள் தரைக்கு இறங்கின. அப்போது கதவருகே நில்டா வந்து நின்றாள். காய்ந்த சட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். ஈரத்தில் இவருக்குக் காய்ச்சல் வரும் என்று பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"நில்டா, நீ சொல்லு. இவங்க ஒருத்தனையும் நான் நம்பமாட்டேன். இந்த மண்டபத்துல யாரு?"

அவள் வலது கை தானாக எழுந்து இடது மார்பைத் தொட்டது. தொட்டபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவசரமாகக் காலரைச் சரிசெய்வதுபோல நடித்தாள்.

எலிசெயோவுக்கு லா பிளாத்தா மருத்துவர் நினைவுக்கு வந்தார். பேருந்து ஜன்னல், ஃப்ரிட்ஜ் ஒயர், யாரும் தொடாத பாலாடைக்கட்டி எல்லாம் வரிசையாக வந்தன. சலூன் கதவைத் தள்ளி உள்ளே கால்வைத்தவர் யார் என்பதும் வந்தது. அவமானம் ஒருபக்கம், அதைவிடப் பெரிதாக ஒரு வலி. ஊர் நினைத்ததை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்குள்ளேயும் அந்தக் கை எழுந்ததே.

வாதாடியிருக்கலாம். தோற்ற ஆட்டம் ஒன்றுதானே, அதை வைத்து எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு இந்த மண்டபத்தில் இடமில்லை என்று வைத்தவரே அவர்தான். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தார்.

"உக்காரு ரஷ்யாக்காரா. ஆட்டந்தானே," என்றார் லிசாந்த்ரோ. மனதாரத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போதும் அவருடைய இடது கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

வெளியே வந்து நடந்தார். எல்லா ஜன்னல்களிலிருந்தும் டி.வி. சத்தம் வந்தது, காதைப் பொத்திக்கொண்டார். கால்கள் கால்வாய்ப் பக்கம்தான் போயின. வேறு எங்கே போகும்?

பெஞ்சில் ஆகோப் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஈரக் கம்பளியும் தொப்பியுமாக நிற்கிறவரை ஏறிட்டுப் பார்த்தார். பல வருஷத்துக்கப்புறம் முதல் பேச்சு அவருடையதுதான்.

"என்ன ஸ்கோர்?"

"ஒண்ணுக்கு ஒண்ணு. நான் உள்ள போறப்ப நாமதான் முன்னாடி இருந்தோம்."

ஆகோப்புக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. "ஓ," என்றார். ஓரக்கண்ணால் பார்த்து, "நில்டாவுமா?"

"நில்டாவும்தான்."

ஆகோப் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். எலிசெயோ உட்கார்ந்தார். கால்வாயில் துருப்பிடித்த படகு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். பிறகு எலிசெயோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆகோப், நடந்து வரும்போது ஒண்ணு நினைச்சேன். அவங்க இன்னொரு கோல் வாங்கணும்னு. நான் இல்லாதப்பவும் தோத்தாங்கன்னா, நான் காரணம் இல்லன்னு ஆகிடும்ல. நானாடா அப்படி நினைச்சேன்? அப்பா செத்த அன்னிக்குக்கூட ரேடியோ கேட்டவன் நான்."

ஆகோப் சிரித்தார், கசப்பில்லாமல். "நான் எத்தனை வருஷமா நினைக்கிறேன் தெரியுமா? நான் வெளிய வந்த மறுவருஷமே கப்பு ஜெயிச்சாங்க. ஊரே ஆடுச்சு. எனக்கு ஒவ்வொரு கோலும் தலையில விழுந்த குட்டு. நானும் சலாதேரோக்காரன்தான். சந்தோஷப்படவும் முடியல, அழவும் முடியல."

மன்னிப்பு என்ற சொல்லை எலிசெயோ ஆயுளில் பழகியதே இல்லை. "தப்பு பண்ணிட்டேன்டா," என்றார். "விசாரணையே தப்பு. ராசியாவது மண்ணாவது."

அந்த வாக்கியம் முடிந்ததும் முடியாததுமாக ஊர் வெடித்தது. அவர்களின் முதுகுக்குப் பின்னால் ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தின, துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. எதிரணியின் கோலுக்கு யாரும் சங்கு ஊதமாட்டார்கள். எலிசெயோவின் உடம்பு தானாகத் துள்ளி எழப்பார்த்தது. ஆகோப் அவர் ஈரச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"உக்காரு. அசையாத. இன்னும் விசில் ஊதல."

"ஜெயிச்சு..."

"வாயை மூடு," என்றார் ஆகோப். "அந்தத் தப்பை ஒருத்தன் பண்ணினது போதும்."

எலிசெயோ வாயை மூடிக்கொண்டார். அந்தச் சங்கும் கூச்சலும் தன்மேல் சொல்லப்பட்ட தீர்ப்பு என்று அவருக்குத் தெரிந்தது. இனி எந்த வக்கீலாலும் அவரைக் காப்பாற்றமுடியாது. அப்படியும் கன்னத்தில் வழிந்தது சந்தோஷத்தின் கண்ணீர்தான், அதை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. சாலையில் நில்டா, கையில் காய்ந்த சட்டையோடு இவர்களை நோக்கி ஓடிவந்தாள். எலிசெயோ திரும்பாமலேயே கையை உயர்த்தித் தடுத்தார்.

"அங்கயே நில்லு. கிட்ட வராத. எதையும் மாத்தக்கூடாது."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கை நெஞ்சுக்குப் போகவில்லை, வாயைப் பொத்திக்கொண்டது.

கடைசி விசிலை அவர்கள் கேட்கவில்லை. ஊர் கேட்டது, ஊர் சொன்னது. ஹாரன்கள், பட்டாசு, தேவாலய மணி. உலக சாம்பியன். இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் எலிசெயோ பெஞ்சை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

"நீ எப்பவும் அந்தப் பக்கம்தான் உக்காருவியா?"

"நடுவுல உக்காருவேன். இன்னிக்கு உனக்காக நகந்தேன்."

"சமமா இருந்த ஆட்டம், நான் இங்க வந்து உக்காந்ததும் கோல். பாத்தியா?"

ஆகோப் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ராசியாவது மண்ணாவதுன்னு இப்பத்தானே சொன்னே?"

"சொன்னேன். சொன்ன உடனேதான் கோல் விழுந்தது. அதையும் சேத்துக்கணும்." ஈரச் சட்டையின் விளிம்பைப் பிழிந்தார். "லீக் பிப்ரவரியில தொடங்குது. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சாலும்."

"ரஷ்யாக்காரா, அப்புறம் ஒரு ஆட்டம்கூட நீ பாக்க முடியாது."

எலிசெயோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது தெரியாமல் அவர் பேசவில்லை. "அதனால என்ன," என்றார். "நீ வருவேல்ல?"

"நான் எங்கடா போனேன்," என்றார் ஆகோப். "இங்கதான இருக்கேன்."